ஆறாவது மாடிக்காரி

முப்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. இந்தச் சின்னக் கணக்கை ஆசிரியை முன்கூட்டியே போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும், மூன்று மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வகுப்பு முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம். சத்தம் அடங்கியபோது பத்துக் குழுக்கள் இருந்தன. மீதி ஒன்று ஜன்னலோரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“நீ தனியா பண்றியாம்மா? அதுக்குத் தனி மதிப்பு உண்டு. சுயேச்சை ஆய்வுன்னு பேரு,” என்றார் ஆசிரியை. யாரும் சேர்த்துக்கொள்ளாததற்கு இவ்வளவு கௌரவமான பேர் இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

வகுப்பில் அவளை ‘சைலண்ட்’ என்பார்கள், போனை ஊமையாக்கும் பொத்தானின் ஞாபகமாக. வீட்டில் பாப்பா. பதினேழு வயது, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், பேர் என்னவோ பாப்பா. நாமும் அப்படியே கூப்பிடலாம், சைலண்டுக்கு அது எவ்வளவோ தேவலை.

பாப்பா முதல் இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள். மூன்றாம் நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வேறு ஊரில் இருக்கிற ஒரு கல்லூரியில் சமூகவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்தக் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிடுவது தனி ஆய்வு செய்து தேறியவர்களை மட்டும்தான். ஆசை சூடு பிடித்தது. வழிகாட்டுத் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தாள். நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: குறைந்தது நாற்பது பேரிடம் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தொன்பது என்றால் தாளையே எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

நாற்பது ஒரு பெரிய எண்ணா என்ன? அவள் குடியிருந்த கட்டடத்திலேயே எட்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு, ஆக நாற்பத்தெட்டுக் கதவு. ‘ஒரே கட்டடத்தில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அறிவார்கள்?’ என்று தலைப்பு வைத்தாள். தலைப்பைப் பார்த்து ஆசிரியை புருவத்தைத் தூக்கினார், நல்லவிதமாகத்தான். பன்னிரண்டு கேள்விகள். உங்கள் மாடியில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? இந்தக் கட்டடத்தில் யாருடனாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் கடைசியாகப் பேசியது எப்போது? திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? இப்படிப் போய், பன்னிரண்டாவதாக, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? பேர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், மாடி, வயது, வேலை மட்டும் குறித்தால் போதும்.

கேள்வி தயாரிப்பதில் பாப்பா கெட்டிக்காரிதான். கேட்பதில்தான் வந்தது வினை. நாற்பத்தேழு கதவுகளின் அடியில் படிவத்தைச் செருகினாள். நாற்பத்தெட்டாவது அவளுடைய சொந்த வீடு. கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் வாய் கிழித்து, நிரப்பிய படிவங்களை இதில் போடவும் என்று எழுதி வைத்தாள். மூன்று வாரத்தில் அந்தப் பெட்டியில் விழுந்தவை: பதினோரு படிவம், குழாய் ரிப்பேர்க்காரரின் விளம்பரம் இரண்டு, யாரோ கடித்துப் போட்ட பேரிக்காயின் காம்பு ஒன்று.

வந்த பதினொன்றும் லேசுப்பட்டவை அல்ல. பாதிக் கேள்விக்கு வெறும் கோடு. ஒருவர் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார், எத்தனை பேர் என்ற கேள்விக்கும்கூட. ஒருவர் பன்னிரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்: ‘லிஃப்டில் நாய்.’

சரி, நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினாள். நாலாவது மாடியில் முதல் வீட்டு மணியை அடித்தாள். கதவின் கண்ணாடித் துளைக்குள் ஏதோ இருட்டியது. “எதுவும் வாங்கறதில்லம்மா,” என்றது கதவு. அடுத்த கதவு, “அவர் வீட்ல இல்ல,” என்றது, அந்த அவரே பேசுகிற குரலில். மூன்றாவது கதவு திறந்தேவிட்டது. நின்ற அம்மாள் சிரித்த முகமாக, “சொல்லும்மா,” என்றார். பாப்பாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனப்பாடம் செய்திருந்த முதல் வாக்கியம் எங்கேயோ ஓடிப்போயிற்று. பேந்தப் பேந்த விழித்துவிட்டு, “ஸாரி ஆன்ட்டி, வீடு மாறி வந்துட்டேன்,” என்று சொல்லிப் படியிறங்கி ஓடிவந்துவிட்டாள். சைலண்ட் என்ற பேரை யாரும் சும்மா வைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியை கேட்டார். “எத்தனை ஆச்சு?”

“வந்துட்டிருக்கு டீச்சர்,” என்றாள் பாப்பா.

அன்று சாயங்காலம்தான் முதல் பொய்ப் படிவம் பிறந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று உட்காரவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். விடைகளை அட்டவணையில் எப்படி ஏற்றுவது என்று பழகிப் பார்க்க ஒரு மாதிரிப் படிவம் நிரப்பினாள். ஐந்தாவது மாடி, வயது முப்பத்தெட்டு, பஸ் ஓட்டுபவர். எழுதி முடித்தபோது அந்த டிரைவரை அவளுக்குப் பிடித்துப்போனது. நாளெல்லாம் நூறு பேரை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறவர், ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. அவரைத் தூக்கிக் குப்பையில் போட மனசு வரவில்லை. பன்னிரண்டு என்று எண் போட்டுப் பதினொன்றுக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

அடுத்த மூன்று வாரம் பாப்பா அந்த வீட்டில் தனியாக இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மேசையில் உட்காருவாள். ஏழாவது மாடிப் புதுமணத் தம்பதிக்குப் பச்சைப் பேனா. லிஃப்ட்டை நம்பாத ஓய்வு பெற்ற தபால்காரருக்கு இடது கை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் பெண் அவசரக்காரி, அவளுக்காகப் படிவத்தைச் சுவரில் வைத்து நின்றுகொண்டே எழுதினாள். கை நடுங்கும் ஒரு பெரியவருக்காகப் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எழுதினாள், பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் எழுத்து தானாக நடுங்கியது. வேலையில் அத்தனை சுத்தம். யாருக்கு யாரைத் தெரியும், யார் யாரோடு பேச்சை நிறுத்தியவர் என்றெல்லாம் பின்னிவிட்டாள். தபால்காரர் தன் மாடியில் நாலு பேரின் பேர் தெரியும் என்றால், அந்த மாடியில் நாலு பேருக்காவது தபால்காரரைத் தெரிய வேண்டுமே! கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். யாரும் கோடு போடவில்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. பாப்பாவுக்கு அவர்களோடு இருக்கும்போது பேச்சு வந்தது. சில சமயம் வாய்விட்டே பேசினாள்.

நாற்பதாவதை முடித்த அன்று அவளுக்கு அழுகை வந்தது. பிடிபடுவோம் என்ற பயத்தால் அல்ல. நாளை சாயங்காலம் யாரும் வரமாட்டார்கள் என்பதால்.

“நாப்பதா! சபாஷ். நேர்காணலுக்கு நான் எழுதிப் போடறேன். திங்கட்கிழமை எல்லாத்தையும் கொண்டு வந்து குடுத்துடு,” என்றார் ஆசிரியை வியாழக்கிழமை. குழுவாகச் செய்தவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஒரு காலத்தில் பாப்பாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்தான். பார்த்துவிட்டுத் தன் குழுவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் இதைச் சொல்லிக்கொள்ள ஒரே ஓர் ஆள் உண்டு, அம்மா. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பமாகி ஐந்து வருடம் ஆகிறது, அந்தக் கணக்கு முடிந்த கணக்கு. அம்மாவுக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள், வெறும் வயிற்றுக்காரர்கள் விடியும் முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள். சாயங்காலம் ஏழுக்குத் திரும்புவாள். ஒரு நாளைக்கு எண்பது பேரோடு பேசுகிறவள், பேசுவது என்னவோ மூன்றே வாக்கியம். “சாப்பிடலியே? கையை இறுக்கி மூடுங்க. ஆச்சு, அவ்ளோதான்.” வீட்டுக்கு வந்தால் அந்த மூன்றும்கூட மிச்சமிருக்காது. மேசையில் ஒரு சீட்டு இருக்கும்: ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோ.’ பாப்பா அதன் அடியில் ‘சரி’ என்று எழுதுவாள். ஒரே சீட்டில் ஒரு வாரம் ஓடிவிடும். இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் ஒரு பேச்சு வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு பாப்பா அறையிலிருந்து வெளியே வந்தால், அம்மா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் சோபாவில் சுருண்டு கிடப்பாள். இன்று வெளியே போகும் உடுப்பு, காதில் கம்மல், மேசையில் பிரிக்காத பிஸ்கட் டின் ஒன்று.

“எங்கம்மா போற?”

“ஆறாவது மாடிக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். சீப்பை வைத்துவிட்டு, “திட்டாத பாப்பா. வியாழக்கிழமை நீ குளிக்கப் போனப்ப உன் ஃபைல் மேசைல கிடந்துச்சு. சும்மாதான் பிரிச்சேன். அப்புறம் கீழ வைக்கவே முடியல. எவ்ளோ நல்ல ஜனங்க! இத்தனை நாள் இதே கட்டடத்துல இருந்தும் ஒருத்தரையும் தெரியல பாரேன்,” என்றாள்.

பாப்பா பிஸ்கட் டின்னை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினாள்.

“அதுல ஒருத்தங்க. இருபத்துமூணாவது ஃபார்ம். நாப்பத்தஞ்சு வயசு, ஆறாவது மாடி. அப்படியே என்னை மாதிரி. படிச்சதுலேர்ந்து மனசே சரியில்ல. போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்னு.”

இருபத்துமூன்று. பாப்பாவுக்கு எந்தப் படிவம் என்று பார்க்காமலே தெரியும். மற்ற இருபத்தெட்டுப் பேரையும் அவள் உட்கார்ந்து யோசித்து உருவாக்கினாள். இதை மட்டும் யோசிக்கவில்லை. மழை பெய்த ஒரு சாயங்காலம், பேனா அதுபாட்டுக்கு ஓடியது. பன்னிரண்டாம் கேள்விக்கு அந்தப் பெண் எழுதியிருந்தாள்: ‘மகள் படிக்கிறாள். தொந்தரவு செய்யக் கூடாது என்று டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கிறேன். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பொழுது போகவே மாட்டேன் என்கிறது. யாராவது வந்து கதவைத் தட்டினால் நன்றாக இருக்கும். காரணம் எதுவும் வேண்டாம்.’

“போகக் கூடாதும்மா,” என்றாள் பாப்பா அவசரமாக. “ஆய்வுக்குன்னு விதிமுறை இருக்கு. பதில் சொன்னவங்க யாருன்னு தேடக் கூடாது. பெரிய தப்பு.”

“நான் எங்க ஆய்வு பண்றேன்? நான் மூணாவது மாடி. மேல போய் ஒரு வணக்கம் சொல்லப் போறேன். உன் ஃபார்ம் பத்தி மூச்சு விடமாட்டேன்.”

“எந்த வீடுன்னே தெரியாதேம்மா.”

“ஆறு கதவுதானே. தட்டிப் பார்த்துட்டா போச்சு.” டின்னை எடுத்துக்கொண்டு அம்மா லிஃப்ட்டில் ஏறிவிட்டாள். எண்பது பேருக்கு ஊசி குத்துகிறவளுக்கு ஆறு கதவு எம்மாத்திரம்.

பாப்பா படியில் ஏறினாள், இரண்டு இரண்டு படியாக. ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா முதல் கதவின் முன்னால் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மணி அடித்தாள். பனியன் போட்ட ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார். “நான் மூணாவது மாடிங்க. வீட்டுல அம்மா இருக்காங்களா?” “அம்மால்லாம் இல்லீங்க. நாங்க மூணு பசங்க தங்கியிருக்கோம்.” இரண்டாவது வீட்டில் பூட்டு. மூன்றாவதில், “யாரு வேணும்?” என்ற குரல் மட்டும் வந்தது, கதவு வரவில்லை. நாலாவதில் ஒரு இளம் பெண் போனைக் காதில் இடுக்கியபடி திறந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாத்தினாள். ஒவ்வொரு கதவுக்கும் அம்மா புதிதாகத் தலையை ஒதுக்கினாள், புதிதாகச் சிரித்தாள்.

படி முனையில் நின்ற பாப்பாவின் மனசில் ஒரு கணக்கு ஓடியது. அதை மறைப்பதற்கில்லை. இன்னும் இரண்டே கதவு. இரண்டிலும் யாரும் அகப்படாவிட்டால் அம்மா கீழே இறங்கிவிடுவாள். நாளைக்குத் திங்கட்கிழமை. நாற்பது படிவம், நேர்காணல், வேறு ஊர். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதுவோ அவளுக்குக் கைவந்த கலை.

ஐந்தாவது கதவைத் திறந்தது ஒரு பெண் பிள்ளை. பதினாலு வயதிருக்கும். கையில் புத்தகம், காதில் பென்சில்.

“அம்மா இல்லியாம்மா?”

“வெளில போயிருக்காங்க ஆன்ட்டி. ஆறு மணிக்கு வந்துடுவாங்க.”

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பாப்பா பக்கவாட்டில் பார்த்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவை அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததில்லை. “படிச்சிட்டிருந்தியா? படி, படி, தொந்தரவு பண்ணல. இதை அம்மாகிட்ட குடு. மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு எதிர் வீட்டு ஆன்ட்டி வந்தாங்கன்னு சொல்லு. ஆறு மணிக்கு நானே வர்றேன்,” என்று டின்னை அந்தப் பிள்ளையின் கையில் திணித்தாள். கதவு மூடியது. அம்மா திரும்பினாள்.

“இவங்கதான் பாப்பா! பொண்ணு படிக்குது பாரு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வீட்டுல பொழுது போகாமதான் எங்கயோ கிளம்பிட்டாங்க பாவம்.”

“இல்லம்மா.”

“என்ன இல்ல?”

“அவங்க இல்ல. யாருமே இல்லம்மா. நான்தான் எழுதினேன்.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல நீ எழுதினாயா என்று கேட்டாள். பாப்பா இல்லை என்று தலையாட்டினாள். ஒரே மூச்சில் எல்லாம் கொட்டிவிட்டாள், அட்டைப்பெட்டி, பதினொன்று, நாலாவது மாடியில் வீடு மாறி வந்துவிட்டேன் என்று பொய் சொல்லி ஓடியது, இடது கை, பஸ்ஸின் கடைசி சீட்டு. அவள் ஆயுளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதுவும் ஆறாவது மாடிப் படிக்கட்டில்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே போகும் உடுப்பு அழுக்காகுமே என்று பாப்பாவுக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

“அப்போ அந்த டிவி?” என்றாள் அம்மா.

“என்னது?”

“சத்தமில்லாம டிவி பாக்கறதுன்னு எழுதியிருந்ததே. நான் அப்படிப் பாக்கறது உனக்குத் தெரியுமா?”

“கதவு இடுக்குல வெளிச்சம் ஆடும். சத்தம் வராது.”

அம்மா கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “முன்ன பின்ன தெரியாத நாப்பத்தேழு வீட்ல கேட்டிருக்க. என்கிட்டயும் ஒண்ணு குடுத்திருக்கலாமே பாப்பா. நானும் இந்தக் கட்டடத்துலதானே இருக்கேன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பாப்பா தாங்கியிருப்பாள்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?”

அம்மா நிஜமாகவே யோசித்தாள். “மாட்டேன்,” என்றாள்.

இருவரும் படியிறங்கியே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மேசையில் உட்கார்ந்து, “ஒண்ணு குடு, நான் எழுதித் தர்றேன்,” என்றாள். பாப்பா வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிட வேலை. சில கேள்விகளுக்கு அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள், பிறகு அடுத்ததற்குத் தாவினாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியது எப்போது என்ற கேள்வி வந்ததும், “வீட்டு ஆளைச் சேத்துக்கலாமா?” என்று கேட்டாள்.

“சேத்துக்க முடியாதும்மா. வேற வீட்டு ஆளுங்கதான்.”

“சரி,” என்று ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதினாள் அம்மா.

படிவம் கைக்கு வந்தது. பெயர் தெரிந்தவர்கள்: யாரும் இல்லை. உடம்புக்கு முடியாவிட்டால் யார் கதவைத் தட்டுவீர்கள்: ஒரு கோடு. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா: ‘இல்லை.’ அசல் பதினொன்றோடு வைத்தால் வித்தியாசமே தெரியாது. இருபத்துமூன்றாம் படிவத்தில் அவ்வளவு பேசிய அம்மா, தன் கையால் எழுதியதில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பா அதற்குப் பன்னிரண்டு என்று எண் போட்டாள்.

“நாளைக்கு என்ன பண்ணப் போற?” என்றாள் அம்மா.

“இந்தப் பன்னெண்டைக் குடுத்துட்டு நடந்ததைச் சொல்லப் போறேன்.”

“எடுத்துக்குவாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

“அப்போ அந்த நேர்காணல்?”

“போச்சு.”

அம்மா கையை நீட்டினாள், மேசை குறுக்கே இருந்ததால் எட்டவில்லை. பழக்கமில்லாத காரியம், இருவருமே எழுந்திருக்கவில்லை. பாப்பா இருபத்தொன்பது பேரையும் தனியாகப் பிரித்தெடுத்து ஒவ்வொருவராகக் கிழிக்க ஆரம்பித்தாள். பஸ் டிரைவர் போனார். புதுமணத் தம்பதி போனார்கள். தபால்காரரை இடது கையால் கிழித்தாள்.

ஆறு மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், வாசல் மணி அடித்தது.

அந்த வீட்டு மணி அடித்து எத்தனை நாளாயிற்று என்று இருவருக்குமே தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஆறாவது மாடிப் பிள்ளை நின்றது. பென்சில் இன்னும் காதில். கையில் பிஸ்கட் டின்.

“ஆன்ட்டி, எங்கம்மா வந்துட்டாங்க. உங்களைத் தெரியாதாம். யாருக்கோ குடுக்க வேண்டியதை மாத்திக் குடுத்திருப்பீங்க, திருப்பிக் குடுத்துட்டு வான்னாங்க.”

“ஆமாம்மா. மாறிடுச்சு,” என்றாள் அம்மா. “அம்மாவுக்கு தேங்க்ஸ் சொல்லு.”

கதவைச் சாத்திவிட்டு வந்து டின்னை மேசையில் வைத்தாள். பிரிக்கவில்லை. குவிந்து கிடந்த கிழிசலையும், பாப்பாவின் கையில் மிச்சமிருந்த தாள்களையும் பார்த்தாள்.

“அந்த இருபத்துமூணைக் கிழிச்சாச்சா?”

“இல்ல. அது கடைசில இருக்கு.”

“குடு ஒரு நிமிஷம்.”

வாங்கி நின்றபடியே படித்தாள், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை, தெரியாத ஒருத்தியின் கடிதத்தைப் படிப்பதுபோல. படித்து முடித்து, “மூணு நாள் இவங்க எனக்கு ரொம்பத் துணையா இருந்தாங்க பாப்பா,” என்றாள்.

பிறகு கிழிப்பதற்காக அதை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.